ஏழைக் கீழே இறக்கினேன்

கம்மியாகப் பேசுகிறவனை ஊர் புத்திசாலி என்று நினைத்துக்கொள்கிறது. நான் வெகுநாள் இதில்தான் பிழைத்தேன்.

யார் எது சொன்னாலும் "சரிங்க" என்பேன். புரிந்தாலும் சரிங்க. புரியாவிட்டாலும் சரிங்க. புரியாதபோது கொஞ்சம் நிறுத்தி, மெதுவாகச் சொல்வேன். (யோசித்துச் சொல்கிறான் என்று மரியாதை கூடும்.) இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு பாதி ஆயுளை ஓட்டியாகிவிட்டது. ஒரே ஒரு தடவை அது என் காலை வாரிவிட்டது. அதுவும் தேரடித் தெருவில், ஊர் பார்க்க.

என் பெயர் ஏழுமலை. திருவண்ணாமலையில் போர்டு எழுதுகிறவன். படிப்பு நாலாம் வகுப்பு. அதிலும் பாதி. எழுத்தெல்லாம் வந்துவிட்டது, கணக்கு வருவதற்குள் நின்றுவிட்டேன். கணக்குப் போடத்தான் வராதே தவிர, எண்களை எழுத வரும். அழகாகவே வரும். முக்கியமாக எட்டு. சைக்கிள் கடை ஒன்றுக்கு நான் எழுதிய எட்டைப் பார்க்கவே ஆட்கள் நின்றார்கள். (நின்றது பஞ்சர் ஒட்டத்தான். ஆனாலும் பார்த்தார்கள்.)

அது அறுபதுகளின் தொடக்கம். கடைப் பலகை, காப்பிக் கிளப் விலைப் பலகை, "இங்கே எச்சில் துப்பாதீர்" எல்லாம் எழுதுவேன். தேர்தல் வந்தால் சுவர். "ஏழையை மேலே தூக்குவோம்" என்று கிழக்குச் சுவரில் ஒரு கட்சிக்கு எழுதினேன். மேற்குச் சுவரில் இன்னொரு கட்சிக்கும் அதையே எழுதினேன். இரண்டு கட்சியும் சொன்னதைத்தான் எழுதினேன். இரண்டு பேரிடமும் சரிங்க என்றுதான் சொன்னேன்.

இப்போது வசந்தாவைச் சொல்ல வேண்டும்.

பந்தல் முனுசாமியின் ஒரே மகள். முனுசாமி பந்தல் போட்டால் காற்றுகூடக் கேட்டுக்கொண்டுதான் உள்ளே வரும் என்பார்கள். அவர் வீட்டு வாசலுக்கு நான் ஒரு பலகை எழுதினேன். எழுதி முடித்துத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"பந்தல்ல புள்ளிய காணோம்."

திரும்பினேன். கையில் மோர்ச் செம்போடு நின்றாள்.

"பநதல்னு இருக்கு. எங்கப்பா பந்தல்தான் போடுவாரு. பநதல் போடத் தெரியாது அவருக்கு."

"சரிங்க" என்றேன்.

சிரித்துவிட்டாள். எனக்கு அன்றைக்கே முடிந்துவிட்டது. (புள்ளியை மறுநாள்தான் வைத்தேன். இன்னொரு தடவை வர ஒரு காரணம் வேண்டுமே.)

என் அண்ணி போய்ப் பெண் கேட்டாள். முனுசாமி இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை.

"பையன் நல்லவன்தாம்மா. ஆனா வாயத் தொறந்தா சரிங்கன்றான், மூடினா ஒண்ணுமே இல்ல. உள்ள சரக்கு இருக்குதா இல்லியான்னு எப்படித் தெரியும்? ஊரு மெச்ச ஒரு வேலை காட்டட்டும். அப்புறம் பாக்கலாம்."

அண்ணி வந்து சொன்னாள். நான் சரிங்க என்றேன்.

அந்த வேலையும் வந்தது.

எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியில் வைத்தி சார் என்று ஒரு கணக்கு வாத்தியார். பக்திமான். கணக்கையும் சாமியையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர். அந்த வருஷம் புரட்டாசி கடைசியில் தொடங்கி கார்த்திகை தீபம்வரை ஒரு மண்டலம் ஊர் கூடி நாம ஜெபம் செய்வது என்று ஏற்பாடு செய்தார். மொத்தம் ஒரு கோடி நமசிவாய. வருகிறவர்களுக்கெல்லாம் பொங்கல். தேரடித் தெருவில் பந்தல். பந்தல் என்றால் முனுசாமி.

பந்தல் கால் நட்டுக்கொண்டிருக்கும்போது வாசலுக்கு ஒரு போர்டு வேண்டும் என்றார் சார். முனுசாமி என்னைக் கூப்பிட்டு அவர் முன்னால் நிறுத்தினார்.

"நம்ம ஏழுமலை எழுதுவான் சார். நல்ல கையி." பிறகு என் காதருகில் வந்து, "என் பந்தலு. என் பேரு. பாத்துக்கோ" என்றார். அதில் "என் பொண்ணு" என்பதும் இருந்தது. அவர் சொல்லவில்லை. எனக்குக் கேட்டது.

சார் ஒரு சாக்குக்கட்டியை எடுத்தார். வெள்ளையடித்த பலகையில் எழுத முடியாதென்று, பக்கத்தில் கிடந்த கறுப்புத் தகரத்தில் எழுதினார். முதலில் 10 என்று எழுதினார். அடுத்து "நாம ஜெபம்" என்று எழுதினார். பிறகு, இரண்டுக்கும் நடுவே, பத்தின் தோளுக்குமேல், சின்னதாக ஒரு 7.

"பாத்துக்கோப்பா. கோடின்னு எழுதினா ரெண்டு எழுத்து. பொசுக்குனு போயிடும். ஜனங்க நிக்க மாட்டா. இப்படி எழுதினா நின்னு, என்னதுன்னு கேப்பா. பள்ளிக்கூடத்துப் பசங்களும் ரெண்டு விஷயம் தெரிஞ்சுப்பா. பத்து, அதுக்கு அடுக்கு ஏழு. பத்தோட ஏழாம் படி. புரிஞ்சுதா?"

"சரிங்க."

அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. தலையாட்டுகிறவனைக் கண்டால் வாத்தியார்களுக்கு வருகிற உற்சாகம்.

"நூறுக்கு ரெண்டு. ஆயிரத்துக்கு மூணு. லட்சத்துக்கு அஞ்சு. கோடிக்கு ஏழு. வெள்ளைக்காரன் மில்லியன்பான், அதுக்கு ஆறு. நம்ம பெரியவா கோடியோட நிக்கல. அதுக்கு மேல கும்பம், பதுமம், சங்கம், வெள்ளம்னு ஏறிண்டே போனா. என்ன ஒரு அழகு, பாத்தியா?"

"சரிங்க."

"புரிஞ்சுதோல்லியோ?"

கொஞ்சம் நிறுத்தினேன்.

"சரிங்க."

எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். கும்பம், தாமரை, சங்கு, வெள்ளம் என்று நாலு படம் போடச் சொல்கிறார். கோயில் காரியத்துக்குப் பொருத்தமான படங்கள். மற்றபடி லட்சத்துக்கு அஞ்சு, கோடிக்கு ஏழு என்றதெல்லாம் அவர் சொந்த விஷயம் என்று விட்டுவிட்டேன். வட்டி விகிதமாக இருக்கலாம்.

பலகையை என் கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். நூல் அடித்துக் கோடு போட்டேன். போர்டு எழுதுகிறவனுக்கு வேதம் ஒன்றுதான். எழுத்து கோட்டின்மேல் நிற்க வேண்டும். ஒன்று ஏறி ஒன்று இறங்கினால் அது போர்டு இல்லை, பல்வரிசை.

சாரின் தகரத்தைப் பக்கத்தில் சாய்த்துவைத்துப் பார்த்தேன். அந்தச் சின்ன ஏழு உறுத்தியது. ஆனால் காரணம் உடனே தெரிந்துவிட்டது. எனக்கு வருகிற கடைக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். துண்டுக் காகிதத்தில் எழுதுவார்கள். நடுவில் ஒரு எழுத்தை விட்டுவிடுவார்கள். பிறகு ஞாபகம் வந்து, இடமில்லாமல், மேலே சின்னதாகச் செருகுவார்கள். "மளிகை"யில் ளி மேலே தொங்கும். அதை இறக்கி வரிசையில் உட்காரவைப்பது என் வேலை. அதற்கு நான் தனியாகக் கேட்டுக்கொள்வதில்லை. படித்தவர்களை அவமானப்படுத்தக் கூடாது.

ஏழைக் கீழே இறக்கினேன். மற்ற எண்களுக்குச் சமமாகப் பெரிதாக்கினேன்.

107.

தள்ளி நின்று பார்த்தேன். எங்கோ இடித்தது.

நான் நாலாம் வகுப்பு. ஆனால் இந்த ஊர்க்காரன். இங்கே பிறந்த கைக்குழந்தைக்கும் தெரியும், சாமி காரியத்துக்கு நூற்றெட்டுதான். அர்ச்சனை நூற்றெட்டு. ஜெபமாலையில் மணி நூற்றெட்டு. தேங்காய் உடைக்க வேண்டிக்கொண்டாலும் நூற்றெட்டு. நூற்றேழோடு நிறுத்துகிறவன் உண்டா? பாவம், வைத்தி சார். பெரிய பெரிய எண்ணாக நினைத்து நினைத்துச் சின்ன எண்ணில் ஒன்றைத் தவறவிட்டுவிட்டார். கணக்கு வாத்தியார் ஒன்று குறைத்து எழுதினார் என்று நாளைக்கு ஊர் சிரிக்காதா?

பெரிய மனுஷன் மானத்தைக் காப்பாற்ற ஒருவன் வேண்டும். அந்த ஒருவன் நானாக இருப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அதுவுமில்லாமல், எட்டு என் கைக்கு வந்த எண்.

ஏழைத் துடைத்தேன். எட்டைப் போட்டேன். அப்படி ஒரு எட்டை அதற்கு முன்னும் போட்டதில்லை, பின்னும் போட்டதில்லை. ரத்தச் சிவப்பு எனாமல். மேல்வட்டம் சின்னது, கீழ்வட்டம் பெரியது, இடுப்பு மெலிசு. இடது பக்கம் கும்பம். வலது பக்கம் தாமரையும் சங்கும். வெள்ளத்துக்கு இடம் போதவில்லை. அடியில் நீலத்தில் அலைபோல ஒரு கோடு இழுத்துவிட்டேன்.

108 நாம ஜெபம்.

திறப்பு நாள் காலை. பந்தல் நிரம்பிவிட்டது. கீழ்பென்னாத்தூர்ப் பக்கமிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். கோடி நாமம் என்று யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். பாய், போர்வை, பித்தளைச் சொம்பு, அரிசி மூட்டை சகிதமாக இறங்கினார்கள். ஒரு மாதமாவது தங்குகிற ஏற்பாடு. பந்தலுக்குள் மூட்டை மூட்டையாகப் புளியங்கொட்டை. ஜெபத்தை எண்ணுவதற்கு வைத்தி சார் சேகரித்தது. பின்பக்கம் அடுப்பு அப்போதுதான் புகைந்துகொண்டிருந்தது.

முனுசாமி வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியில் இருந்தார். சட்டை புதுசு. மடிப்பு கலையவில்லை. பெண்கள் பக்கத்தில் வசந்தா நின்றாள். என்னை ஒரு தடவை பார்த்தாள். நான் அவளை எத்தனை தடவை பார்த்தேன் என்பது வேறு கணக்கு.

வைத்தி சார் பூஜை மாலை வாங்கிவரக் கோயிலுக்குப் போயிருந்தார். வர நேரமானது. நல்ல நேரம் போய்விடும் என்று யாரோ அவசரப்படுத்தினார்கள். முனுசாமி போர்டை மூடியிருந்த துணியை இழுத்தார். இழுத்துவிட்டு, அவரே உரக்கப் படித்தார்.

"நூத்தியெட்டு நாம ஜெபம்!"

 முன்வரிசையில் ஒரு அம்மாள், பக்கத்தில் இருந்தவளை இடித்தாள்.

"நூத்தியெட்டுதானாம்டி! கோடின்னு சொல்லி எம் புருஷன் மூட்ட முடிச்சோட இட்டாந்துட்டான். மாட்டக்கூட அடுத்த வூட்ல வுட்டுட்டு வந்தேன்."

"நல்லதாப் போச்சு. வெயில் ஏர்றதுக்குள்ள ஊரு போய்ச் சேந்துடலாம். சொல்லு, சொல்லு."

ஆரம்பித்துவிட்டார்கள். நமசிவாய, நமசிவாய. அப்படி ஒரு உற்சாகமான ஜெபத்தை அந்தத் தெரு கண்டதில்லை. எண்ணிக்கை கண்ணுக்குத் தெரிகிறபோது பக்திக்கு ஒரு வேகம் வந்துவிடுகிறது. நூறு தாண்டியதும் எல்லோரும் சேர்ந்து உரக்க எண்ணினார்கள். நூத்தியெட்டு வந்ததும் "அண்ணாமலைக்கு அரோகரா!" என்றார்கள். அப்படியே வரிசையாக இலைக்கு உட்கார்ந்துவிட்டார்கள்.

சமையல்காரர் கரண்டியோடு ஓடிவந்தார்.

"இன்னாங்கய்யா இது? பருப்பே இன்னும் வேகலியே!"

"நாங்க முடிச்சிட்டோம். நீங்க முடிக்கலன்னா நாங்க இன்னா பண்றது?" என்றார் ஒரு கிழவர்.

எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. காரியம் எவ்வளவு சுருக்கமாக முடிந்தது! முனுசாமி மட்டும் பந்தலை மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மண்டலத்துக்கு என்று மழை தாங்கப் போட்ட பந்தல். ஒரு வெற்றிலை போடுகிற நேரத்தில் வேலை முடிந்துவிட்டது.

அப்போது வைத்தி சார் வந்தார். கையில் மாலை. இலையில் உட்கார்ந்திருந்த கூட்டத்தைப் பார்த்தார்.

"என்ன எல்லாரும் உக்காந்துட்டேள்?"

"முடிஞ்சிடுச்சி சாமி."

"எது?"

"ஜெபம்."

சார் திரும்பிப் போர்டைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். நான் பணிவாக ஒரு பக்கம் ஒதுங்கி நின்றேன். பாராட்டும்போது எதிரே நிற்கக் கூடாது.

"ஏழுமலை."

"சார்."

"ஏழை எங்கப்பா?"

நான் பந்தலுக்குள் கையைக் காட்டினேன்.

"ஏழைங்க எல்லாம் இலைக்கு உக்காந்துட்டாங்க சார்."

"அந்த ஏழை இல்லைய்யா! மேல இருந்த ஏழை! நான் மேல வெச்ச ஏழை என்ன பண்ணினே?"

"கீழ எறக்கினேன் சார்."

"ஏன்?"

"மத்தவங்களோட சமமா இருக்கட்டும்னுதான்."

கூட்டத்தில் ஒருவர் கை தட்டினார். (இரண்டு கட்சிச் சுவரையும் படித்தவராக இருக்கும்.) சார் தலையில் கை வைத்துக்கொண்டார். மாலை நழுவித் தோளில் விழுந்தது. அவரே போட்டுக்கொண்டதுபோல் ஆகிவிட்டது.

"சரி, எறக்கினே. எறக்கின ஏழு எங்க போச்சு? எட்டு எப்படி வந்தது?"

இதற்கு என்னிடம் நல்ல பதில் இருந்தது. ஆனால் நாலு பேர் முன்னால் அவர் ஒன்று குறைத்து எழுதியதைச் சொல்ல மனம் வரவில்லை.

"நான் திருத்திட்டேன் சார். யாருக்கும் சொல்லலை" என்றேன் மெதுவாக.

வைத்தி சாருக்கு அழுகை வந்துவிடும்போல் இருந்தது. கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "ஜனங்களே, இது நூத்தியெட்டு இல்லை. பத்தோட தலைக்கு மேல ஏழு. ஒண்ணு போட்டு ஏழு சைபர். ஒரு கோடி! ஒரு கோடி தடவை சொல்லணும்!"

இலைகள் சலசலத்தன. "போர்டுல அப்படிப் போடலியே" என்றது ஒரு குரல். "போர்டுல போட்டத சொல்லிட்டோம். இனிமே பேச்ச மாத்தினா எப்படி?" "கோடிக்கு ஒத்துகினு உக்காரல்ல சாமி."

முனுசாமி பல்லைக் கடித்தார். "டேய், ஏணியப் போட்டு ஏறு. சாரு சொல்றபடி சரி பண்ணு. நான் புடிச்சிக்கிறேன்."

ஏணியில் ஏறினேன். ஒரு கையில் சிவப்பு எனாமல் டப்பா, ஒரு கையில் பிரஷ். இன்னும் சரியாகக் காயாத அந்த எட்டை டர்பன்டைன் துணியால் துடைத்தேன். என் வாழ்க்கையின் மிகச் சிறந்த எட்டு. கண்ணை மூடிக்கொண்டுதான் துடைத்தேன்.

"ஏழைப் பத்துக்கு மேல போடு!" என்று கீழே இருந்து சார் கத்தினார். "அடுக்குப்பா, அடுக்கு!"

அடுக்கு எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அடுக்குப் பானை இருந்தது. ஒன்றின் தலையில் ஒன்று நேராக உட்கார வேண்டும். பத்தின் உச்சியில், சரியாக நடுவில், ஒரு ஏழை வைத்தேன்.

கூட்டம் அண்ணாந்து பார்த்தது.

"ஏழு... பத்து. ஏழு பத்து எழுவது! நூத்தியெட்டு எழுவதாயிடுச்சுடி!"

"நாமதான் அவசரப்பட்டுட்டோம். இன்னும் கொஞ்சம் குந்திகினு இருந்தா ஒண்ணுமே சொல்லாம பொங்கல் போட்டிருப்பாங்க."

சார் குதித்தார். "அப்படி இல்லடா! பக்கத்துல! மேல! படிப்பா, படி! பத்தோட ஏழாம் படி!"

ஏணியைப் பார்த்தேன். நான் அஞ்சாம் படியில் நின்றிருந்தேன். அவர் ஏன் ஏழாம் படிக்கு ஏறச் சொல்கிறார் என்பது விளங்கவில்லை. ஆனால் நான் கேள்வி கேட்கிறவன் இல்லை.

"சரிங்க" என்றேன். ஏறினேன்.

ஏழாம் படி கயிறு போட்டுக் கட்டியது. பழைய கயிறு.

நான் விழவில்லை. பந்தல் கழியைப் பிடித்துத் தொங்கிவிட்டேன். முனுசாமி போட்ட பந்தல், என் கனத்தைத் தாங்கியது. டப்பாதான் விழுந்தது. ஏணியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து நின்றிருந்த முனுசாமியின் மேல்.

தலையிலிருந்து ஆரம்பித்தது. மீசை வழியாகச் சட்டைக்கு இறங்கியது. புதுச் சட்டை. சிவப்பு எனாமல்.  இலையில் இருந்த கிழவர், "காளி வேஷத்துக்கு நல்லா பொருந்தும்" என்றார்.

முனுசாமி கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. துண்டை எடுத்துக் கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டார். தொங்கிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, நிதானமாகச் சொன்னார்.

"ஏழுமல. எம் பொண்ணுக்கு நான் வேற எடம் பாத்துக்கறேன்."

நான் பேச்சு கம்மியானவன்தான். ஆனால் அந்த ஒரு தடவை "சரிங்க" வரவில்லை.  தொங்கிக்கொண்டே இருந்தேன். இறங்கி என்ன செய்யப்போகிறேன்?

அப்போதுதான் பெண்கள் பக்கத்திலிருந்து வசந்தாவின் குரல் கேட்டது. பந்தலில் புள்ளி காணோம் என்று சொன்ன அதே குரல்.

"ஏம்ப்பா, நூத்தியெட்டே இருந்துட்டுப் போவட்டுமே. முன்னால ஆளுக்குன்னு ஒரு வார்த்த போட்டா பத்தாதா?"

முனுசாமி அவள் பக்கம் திரும்பினார்.

"ஆளுக்கு நூத்தியெட்டு. ஒரு கோடி யாரு சொல்லுவாங்க? கேட்டாலே ஓடிடுவாங்க. நூத்தியெட்டுன்னா நானே தினம் வருவேன். ஊருசனம் பூரா ஆளுக்கு நூத்தியெட்டு சொன்னா கோடி ஆவாதா சார்?"

வைத்தி சார் காற்றில் விரலால் எழுத ஆரம்பித்தார். கோடியை நூற்றெட்டால் வகுத்தார். அழித்தார். மறுபடி வகுத்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

"தொண்ணூத்திரண்டாயிரத்துச் சொச்சம் பேர். கையில ஒரு மண்டலம் இருக்கு. கடைசில தீபக் கூட்டம்... அதுவே வெள்ளம்னா! ஆகும். பேஷா ஆகும்!"

இலையில் இருந்த அம்மாள் கேட்டாள். "அப்ப எங்க பங்கு முடிஞ்சுதா சாமி?"

"முடிஞ்சுது தாயே. சாப்பிட்டுப் போய் ஊர்ல எல்லாரையும் வரச் சொல்லு."

"பருப்பு வெந்துடுச்சு" என்றார் சமையல்காரர்.

என்னைக் கழியிலிருந்து இறக்கினார்கள். மறுபடி ஏறினேன். உச்சியில் இருந்த ஏழைத் துடைத்தேன். டப்பாவின் அடியில் மிஞ்சியதில் எட்டை மீண்டும் போட்டேன். (இடுப்பு கொஞ்சம் பருத்துவிட்டது.) "ஆளுக்கு" என்று எழுத முன்னால் இடமில்லை. கும்பம் உட்கார்ந்திருந்தது. வேறு வழியில்லாமல் கும்பத்துக்கு மேலே, கோட்டுக்கு மேலே, சின்னதாகச் செருகினேன். விட்டுப்போனதை எல்லோரும் செருகுவதுபோல. சாரின் ஏழைப்போல. கீழே வசந்தா உதட்டை அசைத்துப் படித்துப் பார்த்தாள். புள்ளி விட்டுப்போகவில்லை. சரியாக இருந்தது. தலையாட்டினாள்.

ஐப்பசி மழை வந்தது, பந்தல் நின்றது. கூட்டமும் நின்றது. வந்தவர்கள் நூற்றெட்டு சொல்லி, ஒரு புளியங்கொட்டையைச் சாக்கில் போட்டு, பொங்கல் வாங்கிக்கொண்டு போனார்கள். தீபத்தன்று கோடி ஆகிவிட்டது என்று வைத்தி சார் அறிவித்தார். அவர் எண்ணினார். நான் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த மண்டலம் முழுவதும் நான் தேரடித் தெரு வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போனேன். எட்டின் இடுப்பைப் பார்க்கச் சகிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டேன். முனுசாமியைப் பார்க்க பயம் என்பதுதான் நிஜம்.

தீபம் முடிந்து பந்தலைப் பிரித்த மறுநாள் அவரே என் கொட்டகைக்கு வந்தார். அதே சட்டை. நெஞ்சிலிருந்து வயிறுவரை சிவப்பு. எழுந்து நின்றேன்.

சட்டையை விரலால் இழுத்துக் காட்டினார்.

"இது இன்னா பெயின்ட்டுடா?"

"எனாமல்ங்க."

"சோடா போட்டுத் தோச்சாச்சு. வெந்நீர்ல ஊற வெச்சாச்சு. வண்ணான் கைய விரிச்சிட்டான். மழையில நனைஞ்சும் பாத்தேன். ஒரு சொட்டு போவல."

நான் தரையைப் பார்த்தேன்.

"ஊரு மெச்ச வேல காட்டச் சொன்னேன். மெச்சறது அப்புறம் இருக்கட்டும். நிக்குது. உன் வேல நிக்குதுடா. ஒத்துக்கறேன்." சட்டையை மறுபடி பார்த்துக்கொண்டார். "அவளும் வேற எடத்துக்கு ஒத்துக்க மாட்டேன்றா. தையில வெச்சுக்கலாம்."

"சரிங்க."

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்க."

"எங்க, இன்னா புரிஞ்சுதுன்னு சொல்லு பாக்கலாம்."

சொன்னேன். முழு வாக்கியமாகச் சொன்னேன். தை மாசம், வசந்தா, கல்யாணம். அதன்பிறகு அவர் எதைச் சொன்னாலும் நான் திருப்பி ஒப்பித்த பிறகுதான் நகர்வார். சாகும்வரை அப்படித்தான்.

கல்யாணப் பந்தலுக்கு "நல்வரவு" நான்தான் எழுதினேன். மணப்பெண் வந்து புள்ளியைப் பார்த்துவிட்டுத்தான் மணையில் உட்கார்ந்தாள்.

ஊர் எனக்கு நூத்தியெட்டு என்று பெயர் வைத்துவிட்டது. வீட்டில் அதைவிட மோசம். கடைக்கு அனுப்பும்போது வசந்தா சொல்வாள்: "நாலு தேங்கா. நாலு. மேலயும் தூக்கவேணாம், கீழயும் எறக்கவேணாம்." எங்கள் மகளுக்கு எண்ண வந்த நாளிலிருந்து ஒரு விளையாட்டு. "கோடிக்கு எத்தினிடி கண்ணு?" என்று வசந்தா கேட்பாள். "நூத்தியெட்டு!" என்று குழந்தை கத்தும். விருந்தாளி யார் வந்தாலும் இது ஒரு தடவை நடக்கும். முனுசாமி தாத்தா சிவப்புச் சட்டையோடு உட்கார்ந்து கை தட்டுவார்.

குழந்தை வளர்ந்தாள். உயர்நிலைப் பள்ளிக்குப் போனாள். வைத்தி சார் அப்போதும் அங்கே கணக்கு வாத்தியார். தலை முழுக்க நரைத்திருந்தது.

ஒருநாள் பரீட்சைத் தாளோடு அழுதுகொண்டு வந்தாள். அப்பா கையெழுத்து வேண்டுமாம். வாங்கிப் பார்த்தேன். கேள்வி: கோடியைப் பத்தின் அடுக்காக எழுதுக. மகள் யோசிக்கவே இல்லை என்று தெரிந்தது. அழகான கையெழுத்தில், கோட்டின்மேல் நேராக, எழுதியிருந்தாள்.

108.

எட்டு என் எட்டு. இடுப்பு மெலிசு.

சார் அதைச் சிவப்பு மையால் அடித்திருந்தார். மார்க் சைபர். ஆனால் அடித்ததோடு விடவில்லை. 108-க்கு முன்னால், கொஞ்சம் மேலே தூக்கி, சின்னதாக ஒரு வார்த்தை செருகியிருந்தார்.

ஆளுக்கு.

வசந்தா தாளை வாங்கிப் படித்தாள். சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுதுகொண்டிருந்த மகள் எங்களை மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

நான் பேனாவை வாங்கி, கீழே கையெழுத்துப் போட்டேன். மலை என்று எழுதினேன். ஏழை மட்டும் சின்னதாக மேலே தூக்கிவைத்தேன்.